கம்மாலைச் சாமானா, கப்பலில் வந்த சாமானா? கொழும்பில் கை ஆயுதம் வாங்குவோருக்கு

#1 கொட்டாஞ்சேனை_கரன்

வணக்கம். மாடிக் குடியிருப்புகளில் சில்லறைப் பழுது பார்க்க இரண்டு பேருக்கு ஓர் ஆயுதப் பெட்டி சேர்க்க வேண்டும். கதவு, தண்ணீர்க் குழாய், வயரிங், கொஞ்சம் தச்சு, கொஞ்சம் சீமெந்து வேலை. ஒரே நாளில் வாங்கி முடிக்க வேண்டும் என்ற அவசரம் இல்லை. ஆனால் ஒரே சாமானை இரண்டு தரம் வாங்க விருப்பமில்லை.

குவாரி வீதியில் கேட்டால் ஒரு கடையில் ஜெர்மன் என்கிறார்கள், அடுத்த கடையில் இந்தியன் போதும் என்கிறார்கள், பழைய சோனகத் தெருவில் தாய்வான் சாமானைத் தூக்கி வைக்கிறார்கள். உள்ளூர்ச் சாமான் என்று கேட்டால் மண்வெட்டியையும் அலவாங்கையும் தவிர வேறொன்றும் காட்டுவதில்லை. எதை உள்ளூரில் எடுக்கலாம், எதை வெளிநாட்டில்தான் எடுக்க வேண்டும்? நாட்டின் பெயர் வெட்டியிருப்பதை எவ்வளவு நம்பலாம்?

#2 கம்மாலை

தம்பி, நாட்டின் பெயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியவை நான்கு: என்ன உருக்கு, அடித்ததா வார்த்ததா, தோய்ச்சல் எப்படி, கடைசித் தீட்டு எப்படி.

குரோம் வனேடியம் என்று ஸ்பானரில் எழுதியிருப்பது உருக்கின் இனத்தை மட்டும்தான் சொல்லும். அந்த உருக்கைச் சரியாகச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு பதம் இறக்கினார்களா (மீண்டும் இலேசாகச் சூடாக்கி உடையும் தன்மையைக் குறைத்தார்களா) என்பதை அந்த எழுத்து சொல்லாது. நல்ல ஸ்பானர் ஒன்றின் கடினம் ராக்வெல் சி அளவில் 40 முதல் 45 வரை. அதற்குக் கீழே போனால் வாய் விரியும். மேலே போனால் ஒரு நாள் பட்டென்று உடையும். குறட்டின் வெட்டும் விளிம்பு 60ஐத் தொட வேண்டும், ஆனால் அதே குறட்டின் கைப்பிடி மெதுவாக இருக்க வேண்டும். அதனால் விளிம்பை மட்டும் தனியாகச் சூடாக்கித் தோய்ப்பார்கள். மர உளி 58 முதல் 62. அரம் அதற்கும் மேலே. ஒரே உருக்குக்கு ஒரே பதம் என்று ஒன்று கிடையாது, வேலைக்குத்தான் பதம்.

அடித்ததா வார்த்ததா என்று பார்க்க ஸ்பானரின் ஓரத்தைப் பாருங்கள். அச்சில் வைத்து அடித்ததில், பிதுங்கி வந்த இரும்பை வெட்டி எடுத்த பட்டையான தடம் ஓரம் முழுக்க ஓடும். வார்த்ததில் மெல்லிய கோடு ஒன்று மட்டும் இருக்கும், மேற்பரப்பும் மணல் பட்டது போல் சொரசொரப்பாக இருக்கும். கனமாகக் குரோம் பூசி இரண்டையும் மறைப்பார்கள். ஆகவே பளபளப்பு அதிகமாக இருந்தால் ஸ்பானரின் மூடிய முனையான வளையத்தின் உட்புறத்தைப் பாருங்கள், அங்கே பூச்சு மெலிந்திருக்கும்.

நாடு பற்றிக் கேட்டதற்கும் ஒரு சொல். வேரா என்ற ஜெர்மன் கொம்பனியின் ஸ்குரூ டிரைவர்கள் பெரும்பாலும் செக் நாட்டில்தான் செய்யப்படுகின்றன. தரம் குறையவில்லை. நிபெக்ஸ் 1882 முதல் வுப்பர்டாலிலேயே குறடு செய்கிறது. ஸ்டான்லி என்ற பெயரில் எத்தனையோ நாட்டுச் சாமான் வருகிறது. கொம்பனியின் ஊர் ஒன்று, சாமான் பிறந்த ஊர் வேறு.

#3 பஞ்சிகாவத்தை_நானா

கம்மாலை அண்ணன் சொன்னது சரி. ஸ்பானரைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், ஏன்னா நம்ம ஊரில் இதில்தான் காசு வீணாகுது.

நம்ம வாகனங்கள் பெரும்பாலும் ஜப்பான். ஜப்பான் வாகனத்தில் எம் 6 பொல்ட்டுக்கு, அதாவது தண்டு 6 மில்லிமீற்றர் பொல்ட்டுக்கு, 10 மில்லிமீற்றர் தலை, எம் 8க்கு 12, எம் 10க்கு 14. ஐரோப்பிய அளவில் எம் 8க்கு 13, எம் 10க்குப் பழைய அளவு 17, புதிய அளவு 16. கடையில் தர்ற மலிவு செட்டில் 8, 10, 13, 17, 19 இருக்கும், 12உம் 14உம் இருக்காது. அப்போ 12 தலையில் 13 ஸ்பானரைப் போட்டு உருட்டுறாங்க. தலை உருண்டு போனதும் ஸ்பானர் சரியில்லைன்னு பேச்சு. செட் வாங்கினா 8, 10, 12, 13, 14, 17, 19 ஏழும் இருக்கான்னு முதலில் எண்ணுங்க. வீட்டு வேலைக்கு 10உம் 13உம் தேயும் அளவுக்கு வேலை செய்யும், அந்த இரண்டை மட்டும் நல்லதா எடுத்தாலும் போதும்.

பார்க்கும் விதம்: பையில் ஒரு புதிய எம் 8 பொல்ட் கொண்டு போங்க, 13 தலை. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரக் கணக்கில் அந்தத் தலை 13.00க்கு மேல் போகக் கூடாது, 12.73க்குக் கீழே இறங்கக் கூடாது. வளையத்தைத் தலையில் மாட்டி முன்னும் பின்னும் ஆட்டுங்க. நல்ல வளையத்தில் ஆட்டம் சிறிசா இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவா நிக்கும். அடுத்து திறந்த வாயை மாட்டுங்க. நுனி விரிஞ்சு அடி இறுகி நின்னா அதைத் தொடாதீங்க. வளையம் நல்லா இருந்து வாய் மோசமா இருக்கிற ஸ்பானர் நிறைய வருது, இரண்டையும் பார்க்கணும்.

பழைய ஜப்பான் ஆயுதம் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். கியோட்டோவில் செய்யுற கேடிசி, பிறகு டோனே. இவை வாகனப் பாகங்களோட சேர்ந்து வருது. துரு பிடிச்சிருந்தாலும் வாய் விரியாத ஒரு பழைய கேடிசி ஸ்பானர், புதிய பெயர் தெரியாத செட் ஒன்றைவிட மேல். துரு மேலால் போகும், விரிசல் போகாது. வளையத்தின் கழுத்தில் மண்ணெண்ணெய் பூசித் துடைச்சிட்டு சோக்கட்டியைத் தேய்ங்க. விரிசல் இருந்தா எண்ணெய் கசிஞ்சு கோடாத் தெரியும்.

#4 பஞ்சிகாவத்தை_நானா

சொல்ல மறந்தது. ஸ்குரூ டிரைவர். ஜப்பான் சாமானில் இருக்கிற குறுக்குத் தலை ஆணியும் பிலிப்ஸ் தலை ஆணியும் ஒண்ணு மாதிரித் தெரியும், ஒண்ணு இல்ல. பல ஜப்பான் ஆணித் தலையில் சின்னதா ஒரு புள்ளி குத்தியிருக்கும். அதில் சாதாரண பிலிப்ஸ் முனையைப் போட்டா அடிவரை இறங்காது, கொஞ்சம் பலம் கொடுத்ததும் வழுக்கி வெளியே வந்து பள்ளத்தைத் தின்னும். வெசல் மாதிரி ஜப்பான் முனை இரண்டிலும் நல்லாப் பிடிக்கும். ஒன்று மட்டும் வாங்குறதா இருந்தா அந்த ஜப்பான் 2ஆம் இலக்க முனையை வாங்குங்க.

#5 கொட்டாஞ்சேனை_கரன்

மிக்க நன்றி நானா, 12-13 விஷயம் யாரும் சொல்லித் தரவில்லை. வயரிங் ஆயுதத்துக்கும் இப்படி ஏதும் இருக்கிறதா? சிவப்பு றப்பர் பிடி போட்ட குறடுகள் எல்லாம் ஒன்றுதானா?

#6 வெள்ளவத்தை_வயர்மன்

ஒன்றில்லை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதேங்கோ.

சிவப்பு பிளாஸ்டிக்கில் முக்கி எடுத்த பிடி கைக்குப் பிடிமானம் மட்டும்தான் தரும். மின்சாரத்துக்கு அது காவல் இல்லை. மின் வேலைக்கு உரிய குறட்டில் இரண்டு முக்கோணம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட குறியும், பக்கத்தில் 1000 வோல்ட் எண்டும், ஐஇசி 60900 எண்டும் அழுத்திப் பதிஞ்சிருக்கும். அந்தத் தரத்தின்படி ஒவ்வொரு ஆயுதத்தையும் 10,000 வோல்ட் கொடுத்துச் சோதிச்ச பிறகுதான் 1000 வோல்ட் வரை பாவிக்கலாம் எண்டு விடுறவை. எங்கட வீட்டு மின் அளவு 230 வோல்ட்தான், ஆனால் உயிர் போறதுக்கு அது போதும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியது: பிடியின் நுனியில் விரல் வழுக்காமல் நிற்க ஒரு தடுப்பு மேடு இருக்கோணும். நல்ல பிடியில் மேலே ஒரு நிறம், உள்ளே வேறொரு நிறம். மேல்தோல் தேய்ஞ்சு அடி நிறம் தெரிஞ்சால் அந்தக் குறடு மின் வேலைக்கு முடிஞ்சுது. டேப் சுத்திப் பாவிக்கிற வேலை வேண்டாம். ஸ்குரூ டிரைவரில் தண்டு முழுக்க, முனைக்குக் கிட்ட வரைக்கும் உறை வந்திருக்கோணும்.

இதோட இன்னொன்று. பிரேக்கர் முனைகளில் இருக்கிற குறுக்குத் தலை பெரும்பாலும் போசிட்ரிவ், பிலிப்ஸ் இல்லை. நாலு பெரிய கைக்கு நடுவில் நாலு சின்னக் கோடு இருந்தால் போசிட்ரிவ். பிலிப்ஸ் முனையால் இறுக்கினால் இறுகினது போலத் தெரியும், ஆனால் முழு இறுக்கம் வராது. தளர்ந்த முனை சூடாகி வயரின் தோலைக் கருக்கும். அங்கே நாட்டுப் பற்று பார்க்கேலாது, ஐஇசி குறி இருக்கிற ஜெர்மன், தாய்வான், ஜப்பான் சாமான் எதுவோ அதை எடுங்கோ. என்ன ஆயுதம் எண்டாலும் மெயின் சுவிச்சை நிற்பாட்டி, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் சரிபார்த்து, பிறகு வேலை செய்யிற இடத்தில் பார்த்துத் தொடுங்கோ.

#7 மலைச்சாரல்

உள்ளூர்ச் சாமான் என்றதும் மண்வெட்டி, அலவாங்கோடு நிறுத்திட்டீங்க. தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி இருக்கு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது ஒரே வீச்சில், பட்டை கிழியாமல், சாய்வாக வெட்டு விழணும். கிழிஞ்ச இடத்தில் தண்ணி தங்கிக் கிளை அழுகும். இந்தக் கத்தியை ஆளின் கை உயரத்துக்கும் வீச்சுக்கும் ஏற்ற மாதிரி வளைத்துத் தர்றது நம்ம கொல்லர்தான். இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிற மிச்சி கொலெட்ஜ் கத்தியும் அப்படித்தான்: பட்டையின் ஆழத்தை ஒரு மில்லிமீற்றர் கணக்கில் சீவணும், மரத்தின் உள்தோலைத் தொடக் கூடாது. இந்த இரண்டிலும் ஒரு தீட்டும் ஒரு வளைவும் பிழைச்சா அன்றைய வேலையே போச்சு. வெட்டுக் கருவியில் நம்ம கொல்லர் கையை யாரும் குறைச்சு மதிக்க வேண்டாம்.

லொறியின் வில்லுத் தகட்டில் (பாரம் தாங்கி வளையும் உருக்குத் தகடு) அடிச்ச கத்தியைவிட நல்லது வேணும்னா, வெளிநாட்டுச் சாமானுக்கு நிறையக் காசு கொடுக்கணும்.

#8 அளவுகோல்

மலைச்சாரல் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் வில்லுத் தகடு என்ற ஒரு சொல்லால் எல்லாம் சரியாகிவிடாது. கொல்லர் பட்டறையில் பிழைக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கரன் ஏமாறுவார்.

முதலாவது: தகட்டின் வயது. வில்லுத் தகடு பல இலட்சம் தடவை வளைந்து நிமிர்ந்த இரும்பு. கண்ணுக்குத் தெரியாத களைப்பு விரிசல் உள்ளே இருக்கும். உடைந்த தகட்டின் உடைந்த இடத்துக்கு அருகிலிருந்து வெட்டி எடுத்துச் செய்த கத்தி, அதே விரிசலோடுதான் பிறக்கிறது. நடுவில் போல்ட் துளை இருந்த பகுதியும் ஆகாது.

இரண்டாவது: இனம். ஜப்பான் தகடுகளில் எஸ்யூபி 9 என்ற குரோமிய உருக்கு வரும், கரி 0.52 முதல் 0.60 வீதம். வேறு தகடுகளில் சிலிக்கன் உருக்கு வரும். இரண்டையும் எண்ணெயில்தான் தோய்க்க வேண்டும். தண்ணீரில் போட்டால் கடினம் வரும், கூடவே விரிசலும் வரும்.

மூன்றாவது: சூடு. காந்தம் ஒட்டாமல் போகும் நிலை 770 பாகை செல்சியஸ் அளவில். பலர் அங்கேயே நிறுத்தித் தோய்க்கிறார்கள். இந்த உருக்குக்கு 830 அளவு வேண்டும், அதாவது காந்தம் விட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். வெயிலில் நின்று பார்த்தால் நிறம் ஏமாற்றும், அதனால்தான் நல்ல கொல்லன் உலைக்கு மேல் நிழல் கட்டியிருப்பான். அளவு மீறிப் போனாலும் கேடு: உருக்கின் உள்மணிகள் பெருத்து, உடைத்துப் பார்த்தால் சீனி போல மின்னும். நல்ல உடைவு மங்கிய சாம்பல் நிறமாக, பட்டுப் போல இருக்கும்.

நான்காவது, பதம் இறக்குதல். தோய்த்தவுடன் கண்ணாடி போல உடையும் நிலை. மேலே தேய்த்து வெள்ளையாக்கி மெதுவாகச் சூடாக்கினால் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று ஓடும். வைக்கோல் நிறம் 230 அளவில், ஊதா 270 முதல் 280, நீலம் 300க்குக் கிட்ட. உளிக்கும் சீவுளி அலகுக்கும் வைக்கோல். கல்லில் மோதும் மண்வெட்டிக்கும் கோடரிக்கும் நீலம். சில பட்டறைகளில் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வந்த உளி மழுங்கும், அல்லது கோடரி பல்லுப் போகும்.

#9 கம்மாலை

அளவுகோல் சொன்ன நாலும் உண்மை. ஒன்றைச் சேர்க்கிறேன். முறுக்குக் கம்பியில் மண்வெட்டி, உளி அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கட்டடக் கம்பியில் கரி கால் வீதத்துக்கு மேல் இல்லை. எவ்வளவு தோய்த்தாலும் அது கத்தியாகாது. கண்டுபிடிக்க ஒரு நொடி போதும்: கிரைண்டர் கல்லில் ஓர் ஓரத்தைத் தொடுங்கள். வில்லுத் தகடு என்றால் பொறி கிட்டவே வெடித்துப் பல கிளையாகப் பூக்கும். கம்பி என்றால் நீளக் கோடாகப் போய், நுனியில் ஒன்றிரண்டு பிரியும். கடையில் கிரைண்டர் இல்லையென்றால் பழைய மெல்லிய அரம் ஒன்று பையில் இருக்கட்டும். வாயின் விளிம்பில் இலேசாகத் தேய்த்தால் அரம் வழுக்க வேண்டும், அல்லது பட்டும் படாமலும் பிடிக்க வேண்டும். வெண்ணெய் போல வெட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கழிவு என்ஜின் எண்ணெயில் தோய்க்கிற வழக்கத்தையும் விட வேண்டும். அந்தப் புகை புற்றுநோய்க்கு வழி. தேங்காய் எண்ணெயை 50, 60 பாகைக்குச் சூடாக்கி வைத்தால் இந்த உருக்குக்குப் போதும்.

#10 மட்டக்குளி_மேசன்

சீமெந்து வேலைக்குக் கேட்டீங்கதானே. சாந்தகப்பை உள்ளூரிலயே எடுங்க. பார்க்கிற விதம்: பிடித்து நுனியை மேசையில் அழுத்தி வளைச்சு விடுங்க, தானாக நிமிரணும். வளைஞ்ச இடத்திலயே நின்னா மெத்தென்ற தகடு. கழுத்து ஒட்டின இடத்தில் வெல்டிங் சுற்றிவர முழுசா இருக்கணும், புள்ளி புள்ளியாக ஒட்டினது சீக்கிரம் ஆடும். பிடிக்குள்ளே போற கம்பி மறுபக்கம் வரை போய் மடிச்சிருந்தா நல்லது.

ரசமட்டம் எங்கே செய்தாலும் கடையிலேயே சோதிங்க. மேசையில் வைச்சு குமிழ் எங்கே நிக்குதென்று பாருங்க. அதே இடத்தில் இடது வலதை மாற்றி வைச்சுப் பாருங்க. குமிழ் முதலில் நின்ற பக்கத்துக்கே திரும்பவும் வந்தால் மேசைதான் சாய்வு, மட்டம் சரி. மட்டத்தோட சேர்ந்து குமிழும் பக்கம் மாறினால் மட்டம்தான் பிழை. விலை கூடினதிலும் இதைப் பார்க்கணும், பெட்டியில் விழுந்து வந்தா எதுவும் பிழைக்கும். மூலைமட்டத்தையும் அப்படியே: பலகை ஓரத்தில் வைத்துக் கோடு போட்டு, மூலைமட்டத்தைப் புரட்டி அதே புள்ளியில் இன்னொரு கோடு. இரண்டு கோடும் விரிந்தால் அந்த விரிவில் பாதிதான் உண்மையான பிழை.

அளவு நாடா வாங்கும்போது நாடாவிலேயே வட்டத்துக்குள்ளோ நீள வட்டத்துக்குள்ளோ ரோமன் 2 இருக்கான்னு பாருங்க. இரண்டாம் வகுப்பு என்றால் 5 மீற்றரில் 1.3 மில்லிமீற்றருக்கு மேல் பிழை வராது. நுனிக் கொக்கி ஆடுதென்று பழுதென்று நினைக்க வேண்டாம், கொக்கியின் தடிப்பளவு ஆடத்தான் வேணும். இழுத்து அளக்கும்போதும் தள்ளி அளக்கும்போதும் அந்தத் தடிப்பு சேராமல் இருக்கத்தான் அப்படி வைச்சிருக்கு. அதை ஆணி அடிச்சு இறுக்கினா அளவு கெட்டுடும். வகுப்புக் குறி இல்லாத நாடா எத்தனையோ கடையில் இருக்கு, வேலைக்கு ஆகாது. இரண்டு பேருக்கு இரண்டு நாடா வாங்கினால் ஒரே நேரத்தில் ஒரே வகையை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரிச்சுப் பார்த்து வாங்குங்க.

#11 வத்தளை_ஓடாவி

தச்சுக்குத் தேவையான உளி பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நம்ம மரங்கள் உளியைத் தின்கிற மரங்கள். தேக்கில் மணல் சத்து இருக்கு, அதனால்தான் தேக்கைச் சீவினால் அலகு சீக்கிரம் மங்குது. முதிரையும் பாலையும் கடினத்தில் தனி. கதவுக்குப் பூட்டுப் பதிக்க 6, 12, 18, 25 மில்லிமீற்றர் உளி நான்கு போதும். எட்டு, பத்து உளி கொண்ட செட் வேண்டாம், அந்தக் காசில் நான்கு நல்லது வரும்.

புது உளியின் முதல் ஒன்றிரண்டு மில்லிமீற்றரை நம்ப வேண்டாம். தொழிற்சாலையில் கல்லில் தீட்டும்போது நுனி சூடாகிப் பதம் இறங்கியிருக்கும். சில நேரம் நீல நிறம் கூடத் தெரியும். அதைத் தீட்டி எடுத்த பிறகுதான் நல்ல உருக்கு தெரியும். உள்ளூர்க் கொல்லர் உளியிலும் இதே கதை, அங்கே கிரைண்டரில் இன்னும் அதிகமாகக் கருகியிருக்கும். ஒரு நாள் பாவித்து மழுங்குதென்று வீசாதீங்க. மூன்று தரம் தீட்டின பிறகும் நிக்கவில்லையென்றால்தான் உளி பிழை.

தீட்டும்போது உளியின் பின்பக்கம் நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் வரை தட்டையாக வரணும். கண்ணாடித் துண்டில் 240, 400, 800, 1200 என்று நனைத்த தாள் ஒட்டித் தேய்க்கலாம். முன் சாய்வு மென்மரத்துக்கு 25 பாகை, முதிரை மாதிரிக்கு 30 முதல் 35. சாய்வைக் குறைத்தால் கூர் கூடும், ஆனால் முதிரையில் நுனி நொறுங்கும்.

கொட்டாப்புளி மட்டும் கடையில் வாங்காதீங்க. காய்ந்த புளியங்கட்டையில் கடைந்தது போல ஒன்றும் வராது. இரும்புச் சுத்தியலால் உளிப் பிடியை அடிக்கிறவருக்கு எந்த நாட்டு உளியும் நிலைக்காது.

இந்திய, மேற்கத்திய உளியில் எதையும் கண்ணை மூடிச் சொல்லத் தேவையில்லை. அரம் சோதனை, பிறகு பின்பக்கம் தட்டையா என்று ஓர் எஃகு அளவுகோலை வைத்துப் பார்ப்பது, பிடி கழுத்தில் வளையம் இறுக்கமா என்பது. இந்த மூன்றும் சரியென்றால் எடுங்க.

#12 கொட்டாஞ்சேனை_கரன்

எல்லோரும் இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்கு நன்றி. ஒரு கேள்வி மட்டும் மனதில் நிற்கிறது. நாமே ஸ்பானரும் குறடும் ஏன் செய்யக்கூடாது? கத்தி அடிக்கிற கொல்லரால் அது முடியாதா?

#13 அளவுகோல்

முடியாது என்பதற்குக் காரணம் கை அல்ல, அச்சு.

ஸ்பானரை அடிக்க ஓர் அச்சுச் சோடி வேண்டும். கடினமான உருக்கில் வெட்டி, ஒவ்வோர் அளவுக்கும் தனித் தனியாக: 10க்கு ஒன்று, 12க்கு ஒன்று. அதற்கு மேல் பிதுங்கியதை வெட்டும் அழுத்த இயந்திரம், வாயைத் துல்லியமாகத் துளைக்கும் இயந்திரம், சூடும் நேரமும் தானாகக் கட்டுப்படும் உலை, பூச்சு. இந்தச் செலவை பல்லாயிரக்கணக்கான துண்டுகளில் பகிர்ந்தால்தான் ஒரு ஸ்பானரின் விலை இறங்கும். நம்முடைய சந்தை அவ்வளவு பெரிதல்ல. இந்தியாவின் ஜலந்தரிலும் தாய்வானின் தாய்ச்சுங்கிலும் அச்சுத் தொழிலும் பூச்சுத் தொழிலும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன. ஓர் உடைந்த அச்சை அன்றைக்கே திருத்தி வாங்கலாம். அந்த அருகாமைதான் அவர்களுடைய மூலதனம்.

பணம் இருந்தாலும் கடினம் என்பதற்கு ஓர் உதாரணம். ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் 2019இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஃபோர்ட் வர்த்தில் 9 கோடி டொலர் போட்டு கிராஃப்ட்ஸ்மன் ஸ்பானர், சொக்கட் செய்யும் தொழிற்சாலையை அறிவித்தது. தானியங்கி இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. அந்தச் சந்தைக்கே அப்படியென்றால் நமக்குத் தனியாக ஸ்பானர்த் தொழிற்சாலை கனவுதான்.

ஆனால் மண்வெட்டி வேறு. யக்கலையில் அரச ஹார்ட்வெயார் கூட்டுத்தாபனம் மண்வெட்டி செய்தது. அது பெரிய வாய், துல்லியம் தேவையில்லாத விளிம்பு, வருடம் முழுக்க விற்கும் பொருள். அப்படியானதுதான் இங்கே நிலைக்கும். மண்வெட்டி, அலவாங்கு, சாந்தகப்பை, கவ்வாத்துக் கத்தி, பிடிகள். இவற்றில் உருக்கு வெளியிலிருந்து வந்தாலும் வேலை இங்கே.

உருக்கும் வெளியிலிருந்துதான் என்பதை மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360 ஆனது. ஸ்பானர் விலை ஏறியது போலவே உள்ளூர்க் கத்தியின் விலையும் ஏறியது. உருக்கும் காற்றுலை மோட்டாரும் டொலரில்தான் வருகின்றன. கொல்லரின் கூலி மட்டும்தான் ரூபாவில் நின்றது.

#14 மலைச்சாரல்

கொல்லர் கூலி ரூபாவில் நின்றதென்றீங்க, அதில் ஒரு வேதனை இருக்கு. கவ்வாத்துக் கத்தியை ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் சரியாக அடிக்க முடியாது. அதே விலையில் எங்கேயோ அச்சில் அடித்த கத்தி ஒரு கட்டு வருது. வாங்குறவங்க விலையை மட்டும் பார்த்தா அந்தக் கையே இல்லாமல் போகும். உள்ளூர்க் கொல்லருக்கு வேலை கொடுக்கணும் என்றால் "இதை நீலப் பதத்தில் வேணும், இந்த வளைவில் வேணும்" என்று அளவோடு சொல்லி, முன்பணம் கொடுத்துச் செய்விக்கணும். சும்மா "ஒரு கத்தி" என்று கேட்டால் அவரும் சும்மாதான் அடிப்பார்.

#15 பஞ்சிகாவத்தை_நானா

போலிச் சாமான் பற்றி ஒரு வார்த்தை. பெயர் மேலே அச்சடித்த பெயரா, உள்ளே வெட்டிய பெயரா பாருங்க. நல்ல ஸ்பானரில் அச்சிலேயே பெயர் எழும்பி நிக்கும் அல்லது ஆழமா வெட்டியிருக்கும். மையால் போட்டது பெட்ரோல் துணியால் துடைத்தால் மங்கும். பெட்டியில் எழுத்துப் பிழை இருக்கா, அதே அளவு வேறு ஒன்றோடு ஒப்பிட்டால் எடை குறையுதா என்றும் பாருங்க. குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க. வெட்டும் விளிம்பில் வெளிச்சம் கசிந்தா வேண்டாம். மெல்லிய தாள் ஒன்றை வெட்டிப் பாருங்க, தாள் மடியாமல் முழு நீளமும் வெட்டுப்படணும். இதை எல்லாக் கடையும் செய்ய விடமாட்டாங்க. விடாத கடையில் எதுவும் வாங்காமல் வந்துடுங்க.

மாற்றித் தருவார்களா என்று பில்லில் எழுதி வாங்குங்க. நல்ல கடை ஒரு கிழமை தருவாங்க.

#16 கொட்டாஞ்சேனை_கரன்

சரி, இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். மின் வேலைக்குக் குறடும் ஸ்குரூ டிரைவரும் ஐஇசி குறியோடு வெளிநாட்டில். ஸ்பானரில் 10, 12, 13, 14 நான்கையும் தாய்வானில் அல்லது பழைய ஜப்பானில், மற்ற அளவுகள் இந்தியச் சாமானில். சாந்தகப்பை, மண்வெட்டி, அலவாங்கு உள்ளூரில். உளி நான்கு, கொட்டாப்புளி கடைந்து.

ஹக்சோ வாள் பற்றி யாராவது சொல்ல முடியுமா? இரும்புக் குழாய் வெட்டும்போது அலகு பல் போகிறது என்று சொல்கிறார்கள்.

#17 கம்மாலை

பல் போவது பெரும்பாலும் அலகின் பிழை அல்ல, பல்லின் எண்ணிக்கையின் பிழை. வெட்டும் சுவரின் தடிப்பில் எப்போதும் குறைந்தது மூன்று பல் நிற்க வேண்டும். மெல்லிய குழாய்க்கு அங்குலத்துக்கு 32 பல், சாதாரண இரும்புக்கு 24, தடித்த கம்பிக்கும் அலுமினியத்துக்கும் 18. 18 பல் அலகால் மெல்லிய குழாயை வெட்டினால் சுவர் இரண்டு பல்லுக்கு நடுவில் விழுந்து பல்லைப் பறிக்கும். பல் முன்னோக்கி, உங்களிடமிருந்து விலகிப் பார்க்கட்டும். இழுக்கும்போது அழுத்த வேண்டாம். சட்டத்தை இறுக்கி அலகைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். பற்கள் மட்டும் அதிவேக உருக்காக, முதுகு வளையும் உருக்காகப் பற்றவைத்த இரட்டை உருக்கு அலகை வாங்குங்கள். ஒன்றுக்கு விலை கூட, ஆனால் எளிதில் முறியாது.

குழாயை வெட்டத் தொடங்கும்போது கட்டைவிரல் நகத்தை வழிகாட்டியாக வைத்து இரண்டு மூன்று சிறு இழுப்பு, பிறகு முழு நீளம். மறுபுறம் வரும்போது குழாயைச் சுழற்றி, பள்ளத்தைத் தொடர்ந்து வெட்டுங்கள், ஒரே இடத்தில் கீழே கீழே போகாதீர்கள்.

#18 வத்தளை_ஓடாவி

கரன், பெட்டியை எங்கே வைக்கப் போறீங்க? கடலோரக் காற்றுப் படுகிற மாடி என்றால் குரோம் கீறின இடத்திலேயே சிவப்புப் பொட்டு வரும். கறுப்புப் பூச்சு ஆயுதம் எண்ணெய் இருக்கும் வரை நிக்கும், காய்ந்தால் அதைவிடச் சீக்கிரம் துரு. வாரத்துக்கு ஒரு தரம், இரண்டு மூன்று துளி தையல் இயந்திர எண்ணெயைத் துணியில் போட்டு எல்லாவற்றையும் துடைங்க, குறட்டின் மூட்டுக்கு ஒரு துளி விட்டுப் பத்து தரம் திறந்து மூடுங்க. பெட்டிக்குள் ஈரமான துணியோடு வைக்காதீங்க. உளிகளின் நுனிக்கு பழைய தோட்டக் குழாயைப் பிளந்து ஒரு விரல் நீளம் வெட்டி மாட்டி விடுங்க. சுத்தியல் பிடி தளர்ந்து ஆடினா தண்ணீரில் ஊற வைக்காதீங்க, காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். தலைக்குள்ளே மர ஆப்பைத் துளையின் நீளவாக்கிலும் இரும்பு ஆப்பை அதற்குக் குறுக்காகவும் அடிக்க வேணும்.